இந்த வேலையை ஆர் சொன்னது?

அத்தியாயம் பதினொன்று

கடைசி நாள் காலையில் அலெக்ஸாண்டர் கேட்டது ஒரு பழைய கேள்வி.

றெஜினா பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை மேசையில் இருந்தபடி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேனையைத் திறந்தார்.

"இஞ்சாரும், இப்ப எங்க வேலை செய்யிறீர்?"

"தெரியாதாக்கும்."

"பதில் சொல்லும். ஆய்வு நடக்குது."

"முதியோர் இல்லத்துச் சமையலறையில."

"இந்த வேலையை உமக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

அவர் பேனையை மூடினார். "அப்ப உம்மை எடுக்கேலாது."

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இது நடக்கும். ஆட்களிடம் கேட்கப் போவதற்கு முன் கேள்விகளை அவளிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அந்த ஒரே பகிடி. அது ஏன் பகிடி என்று அவள் யோசித்ததே இல்லை.

"என்னை எடுக்காட்டிலும் பரவாயில்லை, சாப்பாட்டுப் பெட்டியை எடுங்கோ. நேற்றும் விட்டிட்டுப் போனியள்."

எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வகுப்பு முடிந்து வரும்போது கல்லூரியின் வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தார். றெஜினா மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய உடுப்போடு சாப்பாட்டுப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தாள். வெறுமையாக இருந்தது. பசியோடு போகவில்லை என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை இந்த வீட்டோடு கூட வந்துகொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். பனி தூறிய நாளில் நல்லடக்கம் நடந்தது. கல்லூரியிலிருந்து வந்த மாணவர்கள் கோயில் வாசல் வரைக்கும் நின்றார்கள். றெஜினாவின் தமையன் எட்வேட், யாரையும் கேட்காமல், வானொலிக்கும் இணையத்துக்கும் மரண அறிவித்தல் கொடுத்தார். "ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட கலாநிதி அலெக்ஸாண்டர்" என்று அது தொடங்கியது.

அலெக்ஸாண்டர் கலாநிதி இல்லை. அந்தப் பி.எச்.டி. பட்டத்துக்காகப் பல வருஷம் படித்தார், முடிக்கவில்லை.

செத்த வீட்டில் அதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. இப்போது பேசியே ஆகவேண்டும். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். மார்க்கம் வீதிப் பிளாஸாவில் இருக்கும் அச்சகக்காரர், இந்தச் சனிக்கிழமை பின்னேரத்துக்குள் எழுத்தைத் தந்தால்தான் அடித்துத் தரலாம் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே ஒஷாவாவிலிருந்து எட்வேட் வந்துவிட்டார். மகள் ஸ்டெபனி முதல் நாளே வந்திருந்தாள். அவள் நகர மையத்தில் ஒரு வங்கியில் எண்களோடு வேலை செய்கிறவள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தகப்பனின் வாழ்க்கையைத் தட்டச்சுச் செய்திருந்தாள்.

"வாசி பாப்பம்," என்றார் எட்வேட்.

அவள் வாசித்தாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் தடக்கித் தடக்கி வரும். அதனால் றெஜினாவுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் சிறப்புப் பட்டம். அங்கேயே சில காலம் உதவி விரிவுரையாளர். கனடாவுக்கு வந்து போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் படித்து முதுமாணிப் பட்டம். பிறகு கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளர். ஆய்வுத்துறை, தொழிற்சந்தை. குறிப்பாக, புதிதாக வந்தவர்கள் வேலை தேடிக்கொள்ளும் விதம்.

"எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு," என்றார் எட்வேட். "மேல பேருக்கு முன்னால ஒண்டையும் காணேல்லையே?"

"அங்க ஒண்டும் இல்லை மாமா. அதுதான் காணேல்லை."

"ஸ்டெபி, நான் றேடியோவில குடுத்தாச்சு. லண்டன், பாரிஸ் எல்லாம் போட்டாச்சு. இப்ப புத்தகத்தில அது இல்லையெண்டா சனம் என்ன சொல்லும்? செத்தாப் பிறகு பட்டத்தைப் பறிச்சுப் போட்டாங்கள் எண்டு சொல்லும்."

"இல்லாததை எப்பிடிப் பறிக்கிறது?"

"அவ்வளவு படிச்ச மனுசன்! கடைசிக் கடுதாசி ஒண்டுதானே கையில வரேல்லை. பூசையில வைச்சு ஆர் செர்ட்டிபிகேற் கேக்கப் போறான்?"

"அப்பாட டிப்பார்ட்மென்ற்ல இருந்து ஆக்கள் வருகினம். தே வில் ரீட் இற். அதில ரெண்டு பேர் தமிழ். அப்பாவைப் பொய்க்காரன் எண்டு நினைப்பினம்."

"அவங்கள் எங்கட புத்தகத்தை வாசிச்சுக் கிழிக்கப் போறாங்கள்! சாப்பிட்டிட்டுப் போயிடுவாங்கள்." எட்வேட் தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு றெஜினா. நீ சொல்லுறதுதான் முடிவு."

றெஜினா தேத்தண்ணி போடுவதுபோலக் கேத்திலை எடுத்தாள்.

நல்லடக்கத்துக்கு முதல் நாள் வானொலியில் அந்த அறிவித்தலை வாசித்தபோது அவள் இதே இடத்தில் நின்றாள். பிழை என்று தெரிந்தும், "கலாநிதி அலெக்ஸாண்டர்" என்ற அந்தக் குரல் அவளுக்கு இனித்தது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் வீட்டைத் தனியே இழுத்திருக்கிறாள்! இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் வந்து கதிரையில் இருந்து, "இனிச் சரிவராது றெஜினா, ஆக்கள் காணாதாம்," என்றார்.

அவருடைய ஆய்வு கேட்டால் எவருக்கும் விளங்கக்கூடியது. ஊர் விட்டு வந்தவர் முதல் வேலையை எப்படிப் பிடிக்கிறார்? படிப்பைக் காட்டியா, விளம்பரத்தைப் பார்த்தா, தெரிந்தவர் சொல்லியா? தெரிந்தவர் சொன்ன வேலை கெதியாய்க் கிடைக்கும். ஆனால் அது ஆளை அந்த ஒரே மாதிரி வேலைக்குள்ளேயே வைத்துவிடுமா? இதை அறிய ஒரே ஆட்களிடம் ஒவ்வொரு வருஷமும் போய் ஒரே கேள்விகளைக் கேட்டார். தொடக்கத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் சொல்ல முடியாது என்று மேற்பார்வையாளர் கையை விரித்துவிட்டார். பட்டம் அதோடு போயிற்று. நிரந்தர வேலையும் அதோடு போயிற்று. பிறகும் அவர் விடவில்லை. மிஞ்சியவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஏன் குறைஞ்சவை?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"விலகிட்டினம்," என்றார். அவ்வளவுதான்.

அந்த விலகியவர்கள்மேல் றெஜினாவுக்கு ஒரு கோபம் உண்டு. முகம் தெரியாத கோபம். வருஷத்தில் ஒரு அரை மணித்தியாலம், அதுகூட இந்த மனுசனுக்காக அவர்களுக்கு இருக்கவில்லையே என்று.

"அம்மா?" என்றாள் ஸ்டெபனி.

"போடுவம் பிள்ளை," என்றாள் றெஜினா மெதுவாக. "ஒரு புத்தகத்தில தானே. அவர் உழைச்ச சொல்லுத்தான் அது."

ஸ்டெபனி மடிக்கணினியை மூடினாள். மூடிய சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

அந்த நேரம் கதவு மணி அடித்தது.

வாசலில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இரண்டு கையிலும் பாத்திரங்களோடு நின்றார். பெரிய குளிர்ச்சட்டை. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அலெக்ஸாண்டர் சேரின்ர வீடு இதுதானே? நான் மரியம்மா. செத்த வீட்டுக்கு வரேலாமல் போச்சு, முழங்கால் ஒப்பரேசன். இண்டைக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தனான். இடியப்பமும் சொதியும் கிடக்கு தங்கச்சி, ஆறிப்போச்சு. சூடாக்குங்கோ."

குளிர்ச்சட்டையை வாங்கி வைத்துவிட்டு அவரைக் கதிரையில் இருத்தினார்கள். மரியம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பூமாலைக்குள் அலெக்ஸாண்டர் சிரித்துக்கொண்டிருந்தார். மரியம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு எதிர்பாராத விதமாக முகம் மலர்ந்தது.

"எனக்கு ஒரே ஒரு சந்தோசம் தங்கச்சி. றேடியோவில கலாநிதி எண்டு வாசிச்சினம் பாருங்கோ, நான் கட்டிலில கிடந்தபடி மாதாவுக்கு நன்றி சொன்னனான். எங்களால அது நிண்டு போச்சு எண்டு இவ்வளவு காலமும் ஒரு பாரம்."

எட்வேட் நிமிர்ந்தார். "உங்களால எண்டா?"

"ஓம் அண்ணை. நானும் சேரின்ர ஆராய்ச்சியில இருந்தனான்."

அப்ப நீங்களும் விலகின ஆள்தான் என்று றெஜினா நினைத்தாள். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் விலகேல்லை," என்றார் மரியம்மா. "சேர்தான் என்னை விலத்தினவர்."

"விலத்தினவரோ?"

"அப்ப நான் ஒரு ஏஜென்சியால போய்க் கோழி வெட்டுற இடத்தில நிண்டனான். ஐஸ் மாதிரிக் குளிர். அண்டைக்கு சேர் வந்து வழமைபோல 'இப்ப எங்க வேலை?' எண்டு கேட்டார். சொல்ல வெளிக்கிட்டன், அழுகைதான் வந்தது. சேர் எழுதுறதை நிப்பாட்டினார். ஆஸ்பத்திரியில துணி தோய்க்கிற பகுதிக்கு ஆள் எடுக்கினம், நாளைக்கே போங்கோ, இன்னாரைக் கேளுங்கோ எண்டார். சொல்லிப்போட்டு ஃபைலை மூடினார். 'மரியம்மா, இனி நான் உங்களிட்டைக் கேள்வி கேக்க வரேலாது' எண்டார். நான் பயந்து போனன். என்ன பிழை விட்டன் எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவர்?" ஸ்டெபனி கேட்டாள்.

"'நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. ஆக்கள் தாங்களா எப்பிடி வேலை தேடுகினம் எண்டு எழுத வந்தவன் நான். நானே வேலையைச் சொல்லிப்போட்டு உங்களையும் அதுக்குள்ள எழுதினா, என்ர ஆராய்ச்சி பொய்யாப் போயிடும்' எண்டார்."

ஸ்டெபனி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அப்ப சொல்லாம விட்டிருக்கலாமே சேர் எண்டன். 'உங்கட கையைப் பாத்தாப் பிறகோ?' எண்டார்." மரியம்மா தன் கைகளை மேசைமேல் வைத்தார். விரல் நுனிகளில் இன்னும் பழைய வெடிப்புகளின் தழும்பு இருந்தது. "அந்த ஆஸ்பத்திரியிலதான் நான் பென்ஷன் எடுக்கும் மட்டும் நிண்டனான்."

மரியம்மா கைகளைத் திரும்ப மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"நான் ஒராள்தான் எண்டு நினைச்சிருந்தன். பிறகு பாத்தா எங்கட மாதா கோயிலிலேயே எத்தினை பேர்! எல்லாருக்கும் இதே கதை. வேலையைச் சொல்லுவார், ஃபைலை மூடுவார். சேரின்ர படிப்பை நாங்கள் திண்டுபோட்டம் எண்டு எங்களுக்குள்ள கதைப்பம். ஆனா சேர் எங்களை விடேல்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வருவார், ஃபைல் இல்லாமல். கேக் கொண்டு வருவார்."

"கேக்கோ?" என்றாள் றெஜினா.

"ஓம், றிச் கேக். பச்சைக் கடுதாசியில சுத்தி, மேல தங்க நூல் கட்டினது. கஜு நல்லாப் போட்டிருக்கும். ஆர் செய்யிறது எண்டு கேட்டா, 'வீட்டில ஒரு ஆள் இருக்கிறா' எண்டு சிரிப்பார்."

றெஜினா கேத்திலைக் கீழே வைத்தாள்.

ஒவ்வொரு மார்கழியிலும் அந்தப் பச்சைக் கடுதாசியை வெட்டியது அவள். தங்க நூல் கட்டியது அவள். "கல்லூரியில ஆக்களுக்குக் குடுக்க வேணும், இந்த முறை கொஞ்சம் கூடப் போடும்," என்பார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூட. பேராசிரியர்கள் இப்படியா கேக் தின்பார்கள் என்று அவள் முணுமுணுத்திருக்கிறாள். ஒரு தட்டு இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசி வருஷங்களில் அயல்வீட்டு அடுப்பையும் கடன் வாங்க வேண்டி வந்தது.

ஆய்வு சிறுத்துக்கொண்டு வந்த வருஷங்களும் கேக் பெருத்துக்கொண்டு வந்த வருஷங்களும் ஒன்றுதான். அவள் மா குழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒன்றும் தெரியாமல்.

"அடப் பாவி மச்சான்," என்றார் எட்வேட். அவருடைய கண் கலங்கியிருந்தது. "எனக்கு ஒவ்வொரு வருஷமும் மூண்டே மூண்டு துண்டுதான் தந்தவன். கேட்டா, கேக் முடிஞ்சுதாம்."

ஸ்டெபனி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். மரியம்மாவும் சிரித்தார். சிரித்தபடியே கேட்டார்:

"தங்கச்சி, சேர் அந்தத் தொப்பி, சட்டையெல்லாம் போட்டுக் கலாநிதிப் பட்டம் எடுத்த படம் இருக்குமே? ஒருக்காப் பாத்திட்டுப் போறன். மற்ற ஆக்களுக்கும் சொல்ல வேணும்."

எட்வேட் தொண்டையைச் செருமினார். "அது... அது ஒஷாவாவில, என்ர வீட்டில கிடக்கு. ஃபிரேம் போடக் குடுத்தது."

"ஃபிரேம் கடையிலயோ, உங்கட வீட்டிலயோ மாமா?" என்றாள் ஸ்டெபனி தணிந்த குரலில்.

றெஜினா மரியம்மாவின் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். எட்வேட் கண்ணாலே "வேண்டாம்" என்றார். அவள் அதைக் கண்டும் காணாத மாதிரி, மரியம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"அக்கா, படம் இல்லை. அவருக்குப் பட்டம் கிடைக்கேல்லை. றேடியோவில வந்தது பிழை."

மரியம்மாவின் கை இழுபட்டது. றெஜினா விடவில்லை.

"அப்ப எங்களாலதான்..."

"இல்லை. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உங்களை விடாம வைச்சு எழுதியிருந்தா அவருக்குப் பட்டம் கிடைச்சிருக்கும். ஒருத்தரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டினம். வேலையைச் சொல்லாம விட்டிருந்தாலும் கிடைச்சிருக்கும். ரெண்டையும் அவர் செய்யேல்லை." அவள் அந்தக் கையைத் தடவினாள். "இந்த வீட்டில இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது. அவரை விட்டிட்டுப் போன ஆக்கள் எண்டு உங்களில எல்லாம் எனக்குக் கோவம். நீங்கள் இண்டைக்கு வராமல் விட்டிருந்தா அந்தக் கோவத்தோடதான் நான் இருந்திருப்பன். நன்றி அக்கா. ரெண்டு பஸ் மாறி வந்ததுக்கு நன்றி."

மரியம்மா வெகுநேரம் அப்படியே கையைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி, தானே போய்ச் சொதியைச் சூடாக்கினார். அந்த வீட்டின் அடுப்பு அவருக்குப் பழகியதுபோல இருந்தது.

சாப்பிடும்போது மரியம்மா வேறொன்று கேட்டார்.

"சேர் எல்லாரையும் கேப்பார், இந்த வேலையை உனக்கு ஆர் சொன்னது எண்டு. சேரை ஆராவது கேட்டியளோ? மூடி செய்யிற ஃபக்ரரியில நிண்ட மனுசனுக்குக் கல்லூரி வேலையை ஆர் சொன்னது?"

றெஜினா யோசித்தாள். ஸ்டெபனி தாயைப் பார்த்தாள். எட்வேட் எல்லோரையும் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் விடிய வேலையால் வந்து, "ஒரு ஆள் சொன்னது, போய்க் கேட்டுப் பாக்கப் போறன்," என்றது மட்டும் றெஜினாவுக்கு ஞாபகம். அவள் அப்போது கைக்குழந்தையோடு நின்றாள். யார் அந்த ஆள் என்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

"மாக்கஸுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் மரியம்மா. "ரெக்ஸ்டேலில இருக்கிறான். அதே ஃபக்ரரியில சேரோட நிண்டவன். இப்ப ட்ரக் ஓடுறான்." கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து இலக்கத்தைத் தேடிக் கொடுத்தார்.

ஸ்டெபனி அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை.

பின்னேரம் எட்வேட்தான் காரை எடுத்தார். மரியம்மாவை எக்ளின்டன் வீதியில் அவருடைய அப்பார்ட்மென்றில் இறக்கினார்கள். இறங்கும்போது வெறும் பாத்திரங்களை றெஜினா நீட்டினாள். மரியம்மா வாங்கவில்லை. "வைச்சிருங்கோ. எடுக்க வாறன்," என்றார். திரும்பி வருவதற்கு ஒரு சாட்டு.

அச்சகத்தில் எட்வேட் கொஞ்ச நேரம் வெளியே நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குளிருக்குள், தொலைபேசியில் யாரோடோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. உள்ளே வந்தபோது காது சிவந்திருந்தது.

"றேடியோக்காரனுக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்குத் திருத்தி வாசிப்பானாம். என்னை என்ன நினைச்சானோ தெரியாது."

"தாங்க்ஸ் மாமா," என்று ஸ்டெபனி அவருடைய தோளில் தலையைச் சாய்த்தாள்.

"சரி, சரி. 'விரிவுரையாளர்' எண்டு கொஞ்சம் பெரிய எழுத்தில போடச் சொல்லு. அதுக்குமோ தடை?"

அச்சகக்காரர் பக்கங்களைத் திரையில் காட்டினார். படம், வாழ்க்கை வரலாறு, எட்வேட்டின் பிள்ளைகளின் கவிதை ஒன்று. கடைசிப் பக்கத்தில் வழக்கமான நன்றி நவிலல். துயரச் செய்தி கேட்டு ஓடிவந்தோர், மலர்வளையம் அனுப்பியோர், உணவு தந்தோர், திருப்பலி ஒப்புக்கொடுத்த குருக்கள் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருப்பதுபோலவே இருந்தது.

"இதில ஒரு வரி சேர்க்க வேணும் தம்பி," என்றாள் றெஜினா.

"சொல்லுங்கோ அக்கா."

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். அவர் தட்டினார். "தம்முடைய ஆய்விலிருந்து அவர் எடுத்துவிட்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி."

அச்சகக்காரர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, 'எடுத்துவிட்ட' எண்டு வருது. பிழையோ? 'எடுத்துக்கொண்ட' எண்டு மாத்தட்டோ?"

"இல்லை தம்பி. அது சரிதான். வாசிக்கிறவைக்கு விளங்கும்."

அந்த நேரம் ஸ்டெபனியின் தொலைபேசி அடித்தது. மாக்கஸ். பின்னால் பாரவண்டியின் இரைச்சல். ஸ்டெபனி ஒலியைக் கூட்டிப் பிடித்தாள்.

"அலெக்ஸின்ர மகளோ? பிள்ளை, நான் இப்ப மனிற்றோபாவில நிக்கிறன். முப்பத்தோராம் நாளுக்கு வந்திடுவன்."

"அங்கிள், ஒரு கேள்வி. அப்பாக்கு இந்த லெக்சரர் வேலையை ஆர் சொன்னது?"

இரைச்சல்தான் கேட்டது. பிறகு அந்த மனுசன் மெதுவாகச் சிரித்தார்.

"கடைசியில ஒராள் கேட்டிட்டுது. அந்த மனுசி இப்பவும் இருக்கிறா பிள்ளை. கண் தெரியாது. எங்கட ஆள் இல்லை, தமிழும் தெரியாது. நான் கூட்டிக்கொண்டு வாறன். அம்மாட்டைச் சொல்லு, முன் வரிசையில ஒரு இடம் வைக்கச் சொல்லி—"

தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை.

எட்வேட் புருவத்தை உயர்த்தினார். "மனுசியாமோ?"

றெஜினா அச்சகக்காரரிடம் திரும்பினாள்.

"தம்பி, இன்னும் ஒரு வரி. 'அவருக்கு இந்த வேலையைச் சொன்னவருக்கும்.' பேர் இன்னும் தெரியாது. பேர் இல்லாமலே போடுங்கோ."

திரும்பி வரும்போது எட்வேட் காரை ஓட்ட, தாயும் மகளும் பின்னால் இருந்தார்கள். மார்க்கம் வீதியில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பஸ் தரிப்பிடத்தில் வேலை முடிந்த ஆட்கள் கூட்டமாக நின்றார்கள், ஒவ்வொருவரின் கையிலும் ஒரு சாப்பாட்டுப் பை. றெஜினா கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அந்தப் பச்சைக் கடுதாசி போயிருக்கும் என்று தோன்றியது.

மிஞ்சியிருந்தவர்களிடம் இந்த வருஷக் கேள்விகளை அவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை. வீட்டு மேசையில் அந்த ஃபைல் அப்படியே கிடந்தது. ஸ்டெபனியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"அம்மா, இப்ப எங்க வேலை செய்யிறீங்கள்?"

றெஜினா மகளைப் பார்த்தாள். முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டிருந்தாள் மகள், தகப்பனைப் போலவே.

"முதியோர் இல்லத்துச் சமையலறையில."

"இந்த வேலையை ஆர் சொன்னது?"

"அப்பாதான்."

"அப்ப உங்களை எடுக்கேலாது."

முன்னால் எட்வேட் மூக்கை உறிஞ்சினார். காரின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினார்.

விடுப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை றெஜினாவுக்குக் காலை வேலை. அங்கே இருக்கும் முதியவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவது இப்போதும் அவள்தான்.